அப்பாவின் பூட்ஸும் சுங்குடிப் புள்ளியும்

பரணில் இருந்து சாக்குப் பையை இறக்கியபோது பழைய பித்தளைப் பாத்திரம் என்று நினைத்துத்தான் கையை விட்டேன். வந்தது அப்பாவின் பட்டாளத்து பூட்ஸ். கணுக்காலுக்கு மேலே ஏறுகிற கறுப்புத் தோல், கனமான ரப்பர் அடிப்பாகம். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். வெலிங்டனில் பயிற்சி முடித்து வடக்கே எங்கெங்கோ இருந்துவிட்டு 2003-ல் ஓய்வு பெற்றுத் திருநகருக்கு வந்தார். வந்த வாரம் பாலிஷ் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்ததோடு சரி, அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

மே மாத லீவு. வீட்டில் மூன்று பிள்ளைகள். என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு, அக்கா மகனுக்கு எட்டு. பூட்ஸைப் பார்த்ததும் மகள்தான் கேட்டாள், "தாத்தா, இதுல படம் வரையலாமா?"

அப்பா ஒன்றும் சொல்லாமல் இடது கால் பூட்ஸை எடுத்து அதன் மூக்கை, அதாவது கால்விரலுக்கு மேலே வருகிற முன்முனையை, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தூசிக்குக் கீழே இன்னும் பளபளப்பு இருந்தது. "வரைஞ்சுக்கங்க. ஆனா மூக்கை மட்டும் விட்டுருங்கத்தா. அது எத்தனையோ வருசம் தேய்ச்சது" என்றார்.

அந்த ஒரு நிபந்தனையோடு ஆரம்பித்தோம். முடிக்கப் பதினாறு நாள் ஆனது. அதில் பிள்ளைகள் தூரிகையைத் தொட்டது ஏழு நாள்தான். மீதி எல்லாம் தோலைத் தயார் செய்யவும் காயவைக்கவும் போய்விட்டது. தோலில் வரைவது பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடிகிற முதல் விஷயம் இதுதான்: வர்ணம் நிற்பதும் உதிர்வதும் வரைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. பழைய தோலில் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூசணமாகவும் இருக்கலாம், தோலுக்குள் இருக்கும் கொழுப்போ மேலே போட்ட மெழுகோ வெளியே கசிந்து உறைந்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முடி காயவைக்கும் டிரையரை எடுத்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து லேசான சூட்டைக் காட்டினேன். மெழுகு என்றால் உருகித் தோலுக்குள் போய் வெள்ளை மறைந்துவிடும். பூசணம் என்றால் அப்படியே இருக்கும். எங்கள் பூட்ஸில் இரண்டுமே இருந்தது. லேஸுக்குக் கீழே வருகிற நாக்கிலும் உட்புறத்திலும் பூசணம், வெளியே மூக்கைச் சுற்றி மெழுகு.

பூசணத்தை வீட்டுக்குள் வைத்துத் தட்டக் கூடாது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் நானே தேய்த்து உதிர்த்தேன். பிள்ளைகளை அந்த நேரம் மேலே வரவிடவில்லை. அப்புறம் வினிகரும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, உள்ளும் புறமும் துடைத்தேன். துணி ஈரமாக இருந்தால் போதும், தோல் நனையக் கூடாது. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படிக்கட்டுக்குக் கீழே நிழலில் இரண்டு நாள் வைத்தோம். மதுரை வெயிலில் காய்ந்துவிடுமே என்று வெளியே வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். நேர் வெயிலில் தோல் விறைத்துச் சுருங்கி, மடங்கும் இடத்தில் வெடித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று அம்மா சொன்னார். தோல் மெத்தென்று ஆகும், உண்மை. ஆனால் வரையப் போகிற தோலில் எண்ணெய் இறங்கினால் வர்ணம் பிடிக்காது.

அந்த இரண்டு நாளில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். லேஸ் கோக்கும் ஓட்டைகளில் சின்னச் சின்னப் பித்தளை வளையம் இருந்தது, எல்லாவற்றிலும் பச்சையாகக் களிம்பு. குத்துவிளக்கு தேய்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் புளியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தோலில் புளித்தண்ணீர் பட்டால் கறை விழும் என்பதால், காது குடையும் பஞ்சுக்குச்சியின் முனையில் புளிக் கரைசலும் ஒரு கல் உப்பும் தொட்டு, வளையத்தின் மேல் மட்டும் வட்டமாக உருட்டச் சொன்னேன். அக்கா மகனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு புதுக்குச்சி எடுத்து உருட்டினான். பச்சை போய் மஞ்சள் தெரியும்போதெல்லாம் "சித்தி, இது வந்துருச்சு" என்று ஒரு குரல். உடனே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினோம்.

பின்பக்கம் ஒரு தையல் விட்டிருந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிழலில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிலிட்டரி பூட்ஸாம்மா? இதுக்கு அடியில தையலே கிடையாது, அச்சுல வச்சு ரப்பரை அப்படியே ஒட்ட வச்சிருவாங்க" என்றார். மேல்தோலில்தான் தையல். கொக்கி வைத்த ஊசியால் பழைய ஓட்டைகளிலேயே மெழுகு நூலைக் கொடுத்து வாங்கினார். புது ஓட்டை போட்டால் பழைய தோல் கிழிந்துவிடுமாம்.

வரையப் போகிறோம் என்று சொன்னதும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். நாக்கின் ஓரத்தை விரித்து, வெட்டுவாய் எப்படி இருக்கிறது என்று காட்டினார். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம். அப்படி இருந்தால் குரோம் உப்பில் பதனிட்ட தோல். பக்கத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக் காட்டினார், அதன் வெட்டுவாய் முழுக்கப் பழுப்பு. அது மரப்பட்டையில் பதனிட்டது. நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம் பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடிப்பது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகியதற்கு அந்தப் பட்டையும் ஒரு காரணம். நாகமலைப் பக்கம் போகும்போது ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரஞ்செடிதான், பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்து வைப்போமே, அதுதான். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மகள் முடிவு செய்துவிட்டாள், தான் வரையப் போவது ஆவாரம்பூ.

கிளம்பும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாலிஷ் இருக்கிற வரைக்கும் பெயின்ட் ஒட்டாதும்மா. மொதல்ல அதை எடுங்க."

பட்டாளத்து பூட்ஸில் பாலிஷ் எடுப்பது லேசான வேலை இல்லை. அப்பா வருஷக்கணக்காக அதன்மேல் மெழுகு ஏற்றியிருக்கிறார். முதலில் வர்ணக்கடையில் கிடைக்கும் டர்பென்டைனைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன், மெழுகைக் கரைப்பது அதுதான். அது முடிந்ததும் அசிட்டோன். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் இருப்பது அதுவே. தோலின் மேல் தொழிற்சாலையில் போட்ட வழவழப்புப் பூச்சை எடுக்க அது வேண்டும். இரண்டுமே சட்டென்று தீப்பிடிப்பவை, ஆவி தலையைச் சுற்ற வைக்கும். மொட்டைமாடியில், கையுறை போட்டுக்கொண்டு, அடுப்போ சாம்பிராணியோ எதுவும் அருகில் இல்லாமல், பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. நான் ஏழு பழைய பனியன் துணிகளைக் கறுப்பாக்கினேன்.

மூக்கைக் காப்பாற்ற வேண்டுமே. மெழுகின் மேல் டேப் ஒட்டாது. நல்ல வேளையாக மூக்குக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் ஒரு தையல் கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பஞ்சுக்குச்சியால் மெழுகை எடுத்து, மூக்கின் மேல் பாலிதீன் கவரைப் போர்த்தி, கவரின் ஓரத்தைச் சுத்தமான இடத்தில் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் ஒட்டினேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலிஷ் போய்விட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளின் வேலை. அசிட்டோன் வாசனை முழுக்கப் போனதும், இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் சொட்டுக் குழாயில் தண்ணீர் எடுத்து, தோலின் மேல் ஒரே ஒரு சொட்டு விடச் சொன்னேன். மெழுகு இருந்தால் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும், சாய்த்தால் ஓடும். மெழுகு போயிருந்தால் சொட்டு மெதுவாகத் தட்டையாகி, ஓரம் கலைந்து, தோலுக்குள் இறங்கி ஒரு கருவட்டமாக ஆகும். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்து எண்ணினார்கள். முதல் தடவை முப்பது எண்ணியும் சொட்டு அசையவில்லை. மறுபடி தேய்த்தேன். இரண்டாவது தடவை பதினெட்டில் தட்டையானது. மூன்றாவது தடவை ஆறு எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது. "குடிச்சிருச்சு!" என்று மகன் கத்தினான். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே குடிக்கிற தோல். இந்தச் சோதனையை விட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பணமும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே விஷயம் விளங்கிவிடுகிறது.

ஆனால் இந்தச் சோதனையை நான் இடது பூட்ஸுக்கு மட்டும்தான் ஒழுங்காகச் செய்தேன். வலது பூட்ஸுக்கு வரும்போது மணி பத்தரை. மொட்டைமாடித் தரை கொதித்தது. ஒரே ஒரு தடவை தேய்த்துவிட்டு, போதும் என்று கீழே இறங்கிவிட்டேன்.

பூட்ஸ் காய்கிற நேரத்தில் சாயங்காலம் பிள்ளைகளை விளாச்சேரிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் வீட்டில் இருந்து பக்கம்தான். கொலு பொம்மை செய்கிற வீடுகள் வரிசையாக இருக்கும். மண் பொம்மை சுட்டு வந்ததும் நேராக வர்ணம் போடுவதில்லை, முதலில் உடம்பு முழுக்க வெள்ளை. அதன்மேல்தான் மஞ்சளும் சிவப்பும். கறுப்புத் தோலில் மஞ்சள் போட்டால் சேறு மாதிரி அடங்கிவிடும் என்று நான் வாயால் சொன்னபோது கேட்காத பிள்ளைகள், வெள்ளை பூசி வரிசையாக நிற்கிற பொம்மைகளைப் பார்த்ததும் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் பூட்ஸிலும் படம் வரப்போகிற இடத்துக்கு மட்டும் முதலில் வெள்ளை என்று முடிவானது.

வர்ணம் எது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்களும் முதலில் கையில் இருந்ததை வைத்துத்தான் பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலர் கூடாது. காய்ந்தாலும் ஈரக்கை பட்டால் கரைந்து வரும். எனாமல் பெயின்ட் கெட்டியாக உறைந்து பாளம் பாளமாக விடும். அக்ரிலிக்தான் சரி. அதிலும் துணிக்குப் போடுகிற அக்ரிலிக் காய்ந்த பிறகும் வளையும், தோலுக்கு அதுவே தோது. நாங்கள் வாங்கியது பெவிக்ரில் சின்னப் பாட்டில்கள், 15 மில்லி, ஆறு நிறம். ஒரு ஜோடிக்கு வெள்ளை மட்டும் இரண்டு பாட்டில் வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் மிச்சம்.

காலை ஆறரைக்கு உட்கார்ந்து ஒன்பதுக்குள் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அக்னி நட்சத்திரத்தில் அதற்குமேல் போனால் வர்ணம் தூரிகையிலேயே காய்கிறது. தட்டில் ஊற்றி வைப்பதற்குப் பதில், இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் துளித்துளியாக வர்ணம் எடுத்துக்கொண்டோம். கீழே ஈரம் இருப்பதால் ஒரு மணி நேரம் தாங்கியது.

முதல் பூச்சு தண்ணீர் கலந்து, தோல் தெரிகிற மாதிரி மெல்லியதாக. பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். ஒரே இழுப்பில் பளிச்சென்று வரவேண்டும் என்று கை அடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் காயவிட்டு அடுத்த பூச்சு, மறுபடி காயவிட்டு அடுத்தது என்று வெள்ளைக்கு மட்டும் நாலு பூச்சு. முதல் பூச்சு அசிங்கமாக, திட்டுத் திட்டாகத்தான் தெரியும். மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்றாவதில்தான் சிரித்தாள்.

மறுநாள் காலை வலது பூட்ஸைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் வெள்ளை சுருண்டது. நுனியைப் பிடித்து இழுத்தால் பாலாடை மாதிரி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது, கீழே கறுப்பு மெழுகு பளபளத்தது. அக்கா மகனும் என் மகனும் இரண்டு காலை வேளை உட்கார்ந்து பூசியது. அவர்களைக் கூப்பிட்டு, "நான் இதை ஒழுங்காத் துடைக்கலைடா, அவசரப்பட்டுட்டேன், என் தப்பு" என்று சொன்னேன். மகன் கொஞ்ச நேரம் அழுதான். அக்கா மகன் ஒன்றும் பேசாமல் போய்ச் சொட்டுக் குழாயை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தான். மறுபடி டர்பென்டைன், மறுபடி அசிட்டோன், மறுபடி சொட்டு. இந்தத் தடவை அவன் ஐந்து இடத்தில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றான்.

கணுக்கால் பக்கம் பெரிய பரப்பு, மடங்காத தோல். அங்கே படங்கள். மகள் இடது பூட்ஸில் ஆவாரங்கிளை வரைந்தாள், ஐந்து இதழ் மஞ்சள் பூக்கள், எதிரெதிராகச் சின்ன இலைகள். வலது பூட்ஸில் அக்கா மகன் தங்கக் குதிரை. சித்திரைத் திருவிழா முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அழகர் ஆற்றில் இறங்கியதை என் தோளில் ஏறி நின்று பார்த்தவன் அவன். குதிரைக்குக் கீழே நீலத்தில் வைகை, பக்கத்தில் தோப்பறையில் தண்ணீர் பீய்ச்சுகிற ஒரு ஆள். அந்த ஆட்டுத்தோல் பையைப் பழுப்பில் தீட்டிவிட்டு, "இதுவும் தோலு, பூட்ஸும் தோலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குதிரையின் கடிவாளத்துக்கும் மணிகளுக்கும் கோன் போட்டோம். மருதாணிக் கோன் மாதிரியே பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, கெட்டியான வர்ணத்தை உள்ளே விட்டு, நுனியை ஊசி அளவுக்கு வெட்டியது. மருதாணி வைத்துப் பழகிய கைக்கு இது தூரிகையை விட லேசாக வருகிறது.

ஆறு வயதுக்காரனுக்குப் பாதத்தின் மேல்பக்கத்தைக் கொடுத்திருந்தேன், மூக்குக்கும் லேஸுக்கும் நடுவில் இருக்கிற இடம். அவன் அதை முழுக்கச் சிவப்பாக்கினான். அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்து, நடக்கும்போது மடங்குகிற மாதிரி மடக்கிப் பார்த்தேன். மூன்றாவது மடக்கில் கோடு விழுந்தது. பத்தாவதில் கோடைக் கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. இந்தத் தடவை பாலிஷ் குற்றம் இல்லை, சொட்டு சரியாகக் குடித்த தோல்தான். கால்விரல் மடங்குகிற அந்த இரண்டு விரல் அகலத்தில் தோல் ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி விரிகிறது. பெரிய பரப்பாக ஒரே படலமாகப் போட்டால், அதுவும் பிள்ளைக்கை போடுகிற தடிமனில் போட்டால், அது தோலோடு சேர்ந்து நீளாது.

இன்னும் மெல்லியதாக எட்டுப் பூச்சு போடலாம். தொழிலாகச் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆறு வயதுப் பையனிடம் எட்டு மெல்லிய பூச்சு கேட்க எனக்கு மனசு வரவில்லை.

வழி காட்டியது அம்மா. நான் வெடிப்பைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, பீரோவைத் திறந்து தன் பழைய சுங்குடிச் சேலையை எடுத்து வந்து பேரன் மடியில் போட்டார். "ஏய்யா, எதுக்கு முழுக்கப் பூசுற? புள்ளி வையி" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் வெறும் தோல். மடங்குவது அந்த வெறும் தோல்தான், புள்ளி அதன்மேல் சவாரி செய்துகொண்டு போகும். வெடிக்க அதில் நீளம் இல்லை.

அந்தச் சேலையை அன்றைக்குத்தான் நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். மதுரையில் பிறந்து வளர்ந்து, எத்தனையோ தடவை கட்டியும் பார்த்ததில்லை. துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சைப் பிரித்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்த சௌராஷ்டிரர்களின் கைவேலை, 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கையால் கட்டிய சுங்குடியில் ஒரு புள்ளியும் அச்சு வட்டமாக இருக்காது. கொஞ்சம் கோணி, நடுவில் கிள்ளிய இடத்தில் ஒரு சின்ன நிறப்பொட்டோடு, ஒரு வளையம் மாதிரி இருக்கும். அச்சில் அடித்த சுங்குடியில் அந்த உயிர் இருப்பதில்லை. மகன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இது புள்ளி இல்ல, ஓட்டை வடை" என்றான். அம்மா அவன் உச்சியில் முத்தம் கொடுத்தார்.

சிவப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து எடுத்தோம். எல்லாம் போகவில்லை, தோலின் துளைகளில் லேசான செம்மை தங்கிவிட்டது. அதையே சுங்குடியின் அரக்கு நிறமாக வைத்துக்கொண்டோம். வளையப் புள்ளிக்கு என்ன கருவி? பென்சில் பின்பக்க ரப்பர் முழு வட்டமாக விழுந்தது. தீக்குச்சித் தலை தேய்ந்துபோனது. கடைசியில் பழைய பால்பாயின்ட் பேனாவின் ரீஃபிலை உருவிவிட்டு, வெறும் குழாயின் நுனியை வைத்துப் பார்த்தோம். அச்சு அசல் சுங்குடி வளையம். இதில் சூட்சுமம் வர்ணத்தின் அளவு. பாட்டில் மூடியில் வெள்ளையை ஊற்றாமல், விரலால் ஒரு படலம் மட்டும் தடவி, குழாயை அதில் ஒற்றி, தோலில் செங்குத்தாக வைத்து, ஒரு நொடி நிறுத்தி, திருகாமல் நேராக மேலே எடுக்க வேண்டும். வர்ணம் அதிகமானால் நடு ஓட்டை அடைத்துக்கொள்ளும். மகன் ஒரு பழைய செருப்பு வாரில் ஐம்பது புள்ளி வைத்துப் பழகிவிட்டுத்தான் பூட்ஸுக்கு வந்தான்.

வரிசை எப்படி என்பதை மகள் கோலத்தில் இருந்து எடுத்தாள். நேர்ப்புள்ளி வைத்தால் மடிப்புக் கோட்டின் மேலேயே ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்துவிடும். ஊடுபுள்ளி வைத்தால் ஒரு வரிசையின் சந்தில் அடுத்த வரிசை வரும், மடிப்பு புள்ளிகளுக்கு நடுவில் வளைந்து போகும். தையற்காரர் சாக்குக்கட்டியால் அவள் இடம் குறித்துக் கொடுக்க, அவன் வைத்துக்கொண்டே போனான். இரண்டு பூட்ஸுக்கும் சேர்த்து 214 புள்ளி. எண்ணியது அவனேதான்.

சமிக்கியும் கண்ணாடியும் ஒட்ட வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் வாங்கியும் வந்தோம். தோலுக்குப் பிடிக்கிற பசையின் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. அதனால் குதிரையின் நெற்றியில் ஒரே ஒரு கண்ணாடிச் சில்லு, அதை நான் ஒட்டினேன். மீதி டப்பாவில் இருக்கிறது. அதுவே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

வரைந்து முடித்து ஒரு முழு நாள் சும்மா வைத்தோம். துணி என்றால் பின்பக்கம் இஸ்திரி போட்டு வர்ணத்தை இறுக்கலாம், தோலில் முடியாது. டிரையரை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே பத்து நிமிஷம் காட்டினேன். கணுக்கால் பக்கத்துப் படங்களுக்கு மட்டும் பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷைத் தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சு. புள்ளிகளின் மேல் போடவில்லை. வார்னிஷும் ஒரு படலம்தானே, அங்கே அதுவும் வெடிக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பது தோல்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நூல் துணி தெரிந்தால் அது ரெக்சின், அசிட்டோன் பட்டால் பிசுபிசுத்துக் கரைந்துவிடும். அதற்கு ஸ்பிரிட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெத்தென்று மயிர்போல இருக்கிற ஸ்வேட் தோலில் இந்த முறை வேண்டாம்.

கடைசியாக மூக்கின் மேல் இருந்த கவரைப் பிரித்தோம். அது அப்பாவின் முறை. செய்தித்தாள் விரித்து, பாலிஷ் டப்பாவைத் திறந்து வைத்து, மூன்று பேரையும் எதிரில் உட்காரச் சொன்னார். மெல்லிய பருத்தித் துணியை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சுருக்கம் இல்லாமல் இறுக்கிச் சுற்றி, மிச்சத்தை முறுக்கி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார். பாலிஷை அள்ளவில்லை, தொட்டார். கூடவே ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சின்னச் சின்ன வட்டம், அழுத்தாமல். முதலில் மங்கியது. "இப்ப எல்லாரும் விட்டுருவாங்க. விடக்கூடாது" என்றார். மறுபடி தொட்டு, மறுபடி ஒரு சொட்டு, மறுபடி வட்டம். இருபது நிமிஷம் கழித்து மொட்டைமாடிக் கொடிக்கம்பி மூக்கில் தெரிந்தது. அப்புறம் மகளின் முகம். அவர் துணியை அவள் விரலில் சுற்றிவிட்டு, வலது பூட்ஸை அவள் பக்கம் நகர்த்தினார். தையல் கோட்டைத் தாண்டிப் பாலிஷ் புள்ளிப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று அக்கா மகன் கோட்டின் மேல் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலை அப்பா பூட்ஸைப் போட்டுப் பார்க்கிறேன் என்றார். ரப்பர் இறுகிப்போய் இருந்தது, கால் வழுக்குமோ என்று எனக்குப் பயம். "நாலு அடிதானம்மா" என்றார். புது லேஸைக் குறுக்கே குறுக்கே அவரே கோத்து, ஸ்டூலில் உட்கார்ந்து கட்டினார். மகன் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, மடிப்புக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டான். அப்பா நிமிர்ந்து நின்றார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் புள்ளிகள் நெருங்கி நெருங்கி விலகின.

"தாத்தா, இன்னொரு தடவை" என்றான். அப்பா மறுபடி நடந்தார்.

"ஒண்ணுகூட விழலை."